தகரம்

தென்கரை வயலில்
அறுப்பு மெஷின்
வைக்கோலை வாரி இறைத்துக்கொண்டே போனது.
பின்னால் வந்த கட்டு மெஷின்
பாதியைப் பொறுக்கியது.
மீதியைக் கொளுத்திவிடலாம் என்று
தீப்பெட்டியோடு நின்றார் மொக்கைச்சாமி.

விசிறியைக் கழற்றினேன்.
எடைக்கு வாங்கிய பழைய பெயர்ப்பலகை,
பாத்திரக் கடை,
இரண்டாய் வெட்டிப் புனலாய் வளைத்துப்
பின்வாயில் பற்றவைத்தேன்.
"ஓனருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுருவாரு"
ஆத்தூர்க்கார டிரைவர்
வெல்டிங் வெளிச்சத்துக்கு
முகம் திருப்பிக்கொண்டே சொன்னான்.

முதல் சுற்றில் அடைத்தது.
கால்வாய் ஓரத்து ஈரத்தாள்
தண்டில் ஈரத்துணிபோல் சுற்றிக்கொண்டது.
அரிவாளால் அறுத்து எடுக்க ஒரு மணி நேரம்.
அறுத்து முடித்து
இரண்டு விரற்கடை சாய்வு கூட்டினேன்.

இரண்டாம் சுற்றில்
ஒரே வரியாய் விழுந்தது வைக்கோல்.
நடவில்கூட இத்தனை நேர் பிடித்ததில்லை அந்த வயல்.
மெஷினின் முதுகில்
தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது
'எவர்சில்வர், பித்தளை'.

நாற்பத்தோரு உருளை.
மொக்கைச்சாமி இரண்டு தரம் எண்ணினார்.
காற்றுக்கு முதுகு காட்டி,
வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில் நின்று
அதே தீப்பெட்டியில்
பீடி பற்றவைத்தார்.

கூலியில் கொஞ்சம் பணம்.
மீதிக்கு மூன்று உருளை.

கடை வாசலில் கிடக்கின்றன.
பொறி பறக்கிற இடம்.
எனக்கு மாடும் இல்லை.