இரவுக்கு இருவர்

மழை இங்கே அட்டவணை பார்த்துப் பெய்வதில்லை.
கிரேமவுத் காவல் நிலையத்துப் பின்னறையில்
அட்டவணை போடுவது நான்.
சீருடை இல்லை, தொப்பி இல்லை;
ஒரு கணினி, ஒரு ஹீட்டர்,
ஈரக் கோட்டுகள் தொங்கும் கதவு.

ஏட்டில் பணியிடம் பதினொன்று.
ஆள் ஏழு.
அதில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது.
மிச்சத்தைப் பதினொன்றாகக் காட்டுவதற்குத்தான்
எனக்கு மாதாமாதம் சம்பளம்.

செவ்வாய் இரவை வெள்ளியிடம் கடன் வாங்குவேன்,
வெள்ளியை ஐலீனின் ஓய்வு நாளிடம்.
அவளுக்கு நான் தரவேண்டியது பத்தொன்பது நாள்.
வட்டி கேட்கவில்லை.
ஒரு காலை என் மேசையில்
ஒரு பை ஃபெய்ஜோவா பழம் வைத்துவிட்டுப் போனாள்.
அன்றிலிருந்து
அவள் முகம் பார்க்காமல் பேசுகிறேன்.

பிரிஸ்பேன்காரர்கள் வந்து ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள்.
வெயில் அச்சடித்த தாள்,
மடிக்க மனசு வராத வழவழப்பு.
சம்பளம் இவ்வளவு, குடிபெயர இவ்வளவு.
லாக்லன் எழுதிக் கொடுத்தது அந்த மாதம்தான்.
வெயிலுக்குப் போகிறான் என்றோம் எல்லாரும்,
குடையை உதறிக்கொண்டே.

விலகுவோர் படிவத்தில் காரணத்துக்கு ஏழு கட்டங்கள்.
'சம்பளம்' என்ற கட்டத்தில் ஒரே இழுப்பு,
பேனா தாளைக் கிழித்திருந்தது.
சாவி, ரேடியோ, மழைக்கோட்டு,
எண்ணி வாங்கினேன்.
போகாமல் நின்றான்.
"அஹௌரா பாலம்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.

எனக்குத் தெரியும் அந்த இரவு.
கத்தியோடு ஒருவன்,
அவன் காருக்குள் இரண்டு குழந்தைகள்,
எதிரே லாக்லன், தனியாக.
அடுத்த வண்டி வெஸ்ட்போர்ட்டிலிருந்து வரவேண்டும்,
வழியில் மரம் சாய்ந்து கிடந்தது.
எண்பத்தேழு நிமிடம் பேசிக்கொண்டே நின்றிருக்கிறான்:
ரக்பி, மீன்வலை,
செத்துப்போன தன் நாயின் பெயர்,
பேச்சு தீர்ந்தபோது மறுபடியும் நாயின் பெயர்.
கத்தி கீழே விழுந்தது.
குழந்தைகள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தன.
அறிக்கை: அசம்பாவிதம் ஏதும் இல்லை.

அந்த இரவின் கட்டத்தில்
'1' என்று தட்டியவள் நான்.
கணினி பச்சை காட்டியது.
பூஜ்ஜியத்துக்குத்தான் சிவப்பு.

ஃபெட்டு லியோட்டா மீன் ஆலையில் பெட்டி தூக்குகிறாள்.
காவல் தேர்வு ஓட்டத்தில் மூன்றாம் முறையும்
பதினொரு நொடியில் போனது.
சம்பள நாள் இரவில் மதுக்கடை வாசலில்
இரண்டு பேருக்கு நடுவே போய் நின்று
இருவரையும் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவாள்;
அதற்கு மதிப்பெண் இல்லை.
விடியுமுன் வெள்ளத் தடுப்புச் சுவர்மேல் அவள் ஓடுவது
என் சமையலறை ஜன்னலுக்குத் தெரியும்.
கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைப்பேன்,
பார்ப்பேன்.
இன்று ஆறு நொடி.
அவள் தேறி, கல்லூரி போய், திரும்பி வர
இன்னும் ஒரு குளிர்காலம் ஆகும்.
உலை கொதிக்கும்போது நாற்று நடுகிறோம்.

வெலிங்டனுக்கு ஐந்தாண்டுத் திட்டம் அனுப்பவேண்டும்.
நேற்றே கடைசி நாள்.
'தேவை' என்ற இடத்தில் நான்கு என்று அடித்தேன்,
அழித்தேன்.
'இரவுக்கு இருவர்' என்று அடித்தேன்.
'முடியாதென்றால் அந்த இரவில் இந்தப் பக்கம்
காவல் இருப்பதாகச் சொல்லவேண்டாம்.'

பிறகு, யாரிடமும் கேட்காமல்
மென்பொருளின் விதியைத் திறந்தேன்.
ஒன்றும் சிவப்பு என்று மாற்றினேன்.
அம்மை போட்டதுபோல்
மாதம் முழுக்கச் சிவந்தது திரை.

இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.
"என்ன ஆச்சு இதுக்கு?"
"இப்படித்தான் இருந்தது, நிறம்தான் புதுசு."

ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
பையிலிருந்து கனிந்த பழம் ஒன்றை எடுத்து
பிளக்காமல் கையிலேயே வைத்திருந்தார் ரொம்ப நேரம்.
ஐம்பத்தெட்டு வயது.
"வியாழன் ராத்திரி என் பேரைப் போடு" என்றார்.
போட்டேன்.
ஒரே ஒரு கட்டம் பச்சையானது.

"வெள்ளிக்கு?" என்று கேட்டேன்.