சில்லறை

பிப்ரவரியில், வூச் நகரப் பனிக்கட்டியில் வழுக்கி
நான் ஊன்றிய கை இது.
விழும்போது எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்.
பூமியைத் தடுக்கப் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டை அறுத்தெடுத்தார்கள்.
உள்ளே யாருடையதோ ஒரு கை,
செதில் உதிரும் தோலோடு.

செவ்வாயும் வெள்ளியும்
மிரோன் அதை உருகிய மெழுகில் முக்கி எடுக்கிறான்.
ஆறு முறை.
ஏழாவது முறை நான் ஒரு மெழுகுவத்தி.
மேலே பிளாஸ்டிக் பை, அதற்கும் மேலே துண்டு,
இருபது நிமிடம் சுவரிலிருக்கும் எலும்புப் படத்தைப் பார்த்தபடி.
முன்கையில் இரண்டு எலும்பு என்பதே
இத்தனை வயதில்தான் தெரியும்.
கை கவிழ்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடக்கின்றன.
மலர்த்தினால்
பக்கம் பக்கமாகப் படுத்துக்கொள்கின்றன.
"தண்டவாளம்" என்றேன்.
இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவளுக்கு
வேறென்ன தோன்றும்.

மெழுகு உரிந்ததும் ஆரம்பிக்கிறது.
என் முழங்கையை விலாவோடு அணைத்து
மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிடித்துத் திருப்புகிறான்,
துருப்பிடித்த பூட்டை உடைக்க மனமில்லாமல்
சாவியோடு மல்லுக்கட்டுகிறவன் போல.
"வலி எத்தனை, பத்துக்கு?"
மூன்று என்கிறேன்.
அவன் என் காலணியைப் பார்க்கிறான்.
உள்ளே விரல்கள் மடங்குவது
வெளியே தெரியும்போல.
ஏழு என்று எழுதிக்கொள்கிறான்.

கவிழ்ப்பது சீக்கிரமே வந்துவிட்டது.
மேசை துடைக்க, மாவு தட்ட,
டிராமின் பிடியை முன்னே தள்ள,
கதவை ஓங்கிச் சாத்த
கவிழ்ந்த கை போதும்.
கொடுக்கிற கையும் கவிழ்ந்த கைதான்.
தம்பியின் கடனுக்கு நீட்டியது அது,
பிரிந்து வந்த மகளுக்கு அறைச் சாவி தந்ததும் அது.
யாரிடமும் ஏந்தியதில்லை என்று
மிரோனிடம் சொன்னேன், பெருமையாகத்தான்.
அவன் கோணமானியை வைத்து அளந்தான்.
"முப்பத்தைந்து பாகை.
ஆமாம், தெரிகிறது."

வீட்டுப்பாடம், ஒரு சுத்தியல்.
பிடியின் நுனியைப் பற்றி நிமிர்த்தி,
தலையின் கனத்தை வெளிப்பக்கம் சாயவிட வேண்டும்.
தள்ளக் கூடாது.
முதல் வாரம் தள்ளினேன்.
மணிக்கட்டு வீங்கி மோதிரவிரல்வரை கொதித்தது.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு
அவனையும் அவன் படித்த கல்லூரியையும் திட்டினேன்.
அடுத்த வாரம்
வானொலியில் வானிலை சொல்லி முடிக்கும்வரை
வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தேன்.
சுத்தியல் மணிமுள்ளைப் போல
ஒரு கோடு இறங்கியது.

நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.
மழை வாரத்தில் திரும்ப நாற்பத்தொன்பது.
ஒருநாள் இரண்டு ஸ்வோட்டி நாணயத்தை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.
சரிந்து, மேசைக்கடியில் உருண்டு, ஓடியே போனது.
அவனே தவழ்ந்து எடுத்தான். மறுபடி வைத்தான்.
மறுபடி தவழ்ந்தான்.
அறுபத்தெட்டில் அது நின்றது.

எங்கள் தெரு ரொட்டிக்கடையில்
மீதியைக் கையில் தருவதில்லை.
கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தட்டு, அதில் போடுவார்கள்.
இத்தனை நாளாய் இடக்கையால் வழித்துப்
பைக்குள் தள்ளிவந்தேன்.

இன்று கசகசா உருளை ஒன்று.
செலினா தட்டில் போடப் போனாள்.
"இங்கே" என்றேன்.
மணிக்கட்டு முனகியது.
நான்கு. பொய் சொல்லாத நான்கு.
அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
மூன்று நாணயங்களையும் ஒவ்வொன்றாக வைத்தாள்.
அவள் விரல்நுனி அடுப்பிலிருந்து வந்தாற்போல்
சூடாக இருந்தது.
எதுவும் விழவில்லை.

கையை மூடத் தோன்றாமல்
பின்னால் நின்றவர் செருமும்வரை
அப்படியே நின்றிருந்தேன்.