அறுபத்து மூன்றாம் புள்ளி

கருவியைத் தூக்குமுன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும்.
பெல்ட், சாவிக்கொத்து, காதில் கிடக்கும் வெள்ளி.
மோதிரத்தை யாரும் கேட்கவில்லை,
அது போன வருடமே கழன்றுவிட்டது.

மண்ணுக்குள் மின்சாரம் எவ்வளவு லேசாக ஓடுகிறதோ
அவ்வளவு உப்பு. விஷயம் இவ்வளவுதான்,
மற்றதெல்லாம் நடை.
இருபது மீட்டர் போய் நின்று எண்ணைச் சொல்வேன்,
பெர்தேபாய் எழுதிக்கொள்வான்,
மறுபடி இருபது மீட்டர்.

சிம்பாய்க்கு வடக்கே, ஜோல்தாஸ்பையின் பருத்திக்காடு.
மார்ச்சில் பனி கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்;
பூட்ஸில் ஒட்டியது அறைக்குள் வந்தும் உருகவில்லை.
பூத்திருந்தது உப்பு.
நீர் கட்டிக் கழுவினார்கள். ஏப்ரலில்
நான்கு, ஐந்து, மூன்றரை.
ஜூலையில் அதே புள்ளிகள்:
எட்டு, ஒன்பது, பதினொன்று.
கழுவிய உப்பு எங்கும் போய்விடவில்லை.
ஓர் ஆள் ஆழத்தில் உட்கார்ந்திருந்து
வெயில் கூப்பிட்டதும் எழுந்து வந்திருக்கிறது.

அறுபத்து மூன்றில் மட்டும் இரண்டு.
கருவியைப் புரட்டிவைத்துப் பார்த்தேன். இரண்டுதான்.
துளைத்து எடுத்த மண் குளிர்ந்திருந்தது, பிடித்தால் உருண்டை நின்றது.
ஈரத்துக்கே எண் கொஞ்சம் ஏற வேண்டும்,
ஏறவில்லை.

அன்றிரவு வரைபடம் போட்டேன்.
சிவப்பின் நடுவே ஒரு நீல விரல்
கால்வாயில் தொடங்கி
வயலோரம் பிபிசுல்தானின் முலாம்பழப் பாத்தியைத் தொட்டது.
அவள் முறைத்தண்ணீர் செவ்வாய்க்கிழமை. அது வருவதில்லை.
இரவில் மடை திறந்தவள்தான்
பகலில் எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள், பழம் அறுத்துத் தந்தாள்.
நானும் தின்றேன், விதை துப்பினேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
இவள் இட்டதோ உப்பே இல்லாத பழம்.

அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் குழைத்து மெழுக
நிரலில் ஓர் இடம் உண்டு.
நாற்பது என்றிருந்ததை நூறாக்கினேன்.
விரல் போய்விட்டது.
அறிக்கையும் போய்விட்டது.

அக்டோபரில் அறுபத்து மூன்று:
பதினாறு.
சுற்றிலும் பன்னிரண்டு, பதினான்கு.
இரவெல்லாம் பாய்ந்த தண்ணீர் அடிநீரைத் தூக்கிவிட
அடிநீர் தன் உப்போடு மேலே வந்திருந்தது.
கொடிகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன.

"என்ன காட்டுகிறது?"
வரப்பில் நின்று கேட்டாள் பிபிசுல்தான்.
பெர்தேபாய் பேனாவைத் திறந்தபடி நின்றான்.
எந்த எண்ணைப் போட்டு மெழுகினாலும்
இது மறையாது.

சொன்னேன்.
அவள் குனிந்து, மண்ணை விரலால் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
ஆமாம், சரிதான் என்று தலையசைத்தாள்.