சிவப்புக் கோடு

ஓபுவோ கடையில் நகப்பூச்சு எடுத்தபோது
கல்யாணமா என்று கேட்டாள் வெத்ஜேரா.
ஆமாம், நட்டுக்கும் போல்ட்டுக்கும் என்றேன்.

எண்பத்து நான்காம் வருட லேண்ட்குரூஸர்.
மூன்று லட்சத்துச் சொச்சத்தில் நின்றுபோன எண்கள்.
ஒரு கதவு வேறு வண்டியுடையது, வேறு பச்சை.
முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும்
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன்:
பாதி நட்டின் மேல், பாதி சட்டத்தின் மேல்.

வடக்கே சாலை என்பது
தகரக் கூரையைப் படுக்கப் போட்டதுதான்.
நாள் முழுக்க மரையைக் கழற்றிக்கொண்டிருக்கும்,
பொறுமையாக,
என்னைவிடப் பொறுமையாக.

விடிகாலை, டீத்தண்ணீர் கொதிப்பதற்குள்
வண்டிக்கடியில் மல்லாந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கோடுகளை வாசிப்பேன்.

பின்னால் ஆடுகளுக்கான தடுப்பூசிப் பெட்டி.
ஐஸ் மூன்று நாள்தான் தாங்கும்.

பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஜெர்மானியர்
புது வண்டியில் சாய்ந்துகொண்டு,
இந்த வயதிலும் ஓடுகிறதே,
அதிர்ஷ்டக்கார வண்டி என்றார்.
வாயில் டார்ச். பதில் சொல்ல முடியவில்லை.
இடது பின் யூ போல்ட்டில்
கோடு இரண்டாகியிருந்தது.
எள்ளளவு.

பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர். கால் சுற்று.
பழையதைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு.

மாலையில் ஹோவாருசிப் மணலைக் கடந்தோம்.
எதுவும் நடக்கவில்லை.
நடக்காததை யாரிடம் காட்டுவது?

என் நகங்களில் கிரீஸ் கறுப்பு.
பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது.