பாவிச்ச கார்ட்

பம்பலப்பிட்டியில் இரண்டாம் மாடிக் கடை.
இல்ஹாம் கண்ணாடி மேசையில் வைக்கிறான்:
மூன்று விசிறி, எட்டு ஜிபி.
"வீட்டுப் பொடியன் ஒருத்தன்ட, கேம் மட்டுந்தான் அடிச்சது."
விசிறி இதழோரம்
இரவு பகலாய் ஓடிய கறுப்பு.

காசில் பாதி துவாரகனுடையது.
அவனுக்கு நிழல் அசைய வேண்டும்,
சுடுபவன் கன்னத்தில் மழை வழிய வேண்டும்,
நொடிக்கு அறுபது பிரேம் குறைந்தால்
சோறு இறங்காது.

மீதி என்னுடையது.
கொச்சிக்கடைக் கல்யாணமொன்று
வியாழன் தொட்டு
தொண்ணூற்று மூன்று வீதத்தில் நிற்கிறது.

கார்ட், அல்லது இரண்டு டெராபைட் எஸ்எஸ்டி.
இரண்டுக்கும் காசு காணாது.

வெள்ளவத்தைக் கடற்காற்று
எங்கள் கேசிங்கின் ஆணிகளைத் தின்கிறது.
பழைய ஹார்ட் டிஸ்க்
ரயில் வராத நேரத்திலும்
தண்டவாளம்போலத் தட்டுகிறது.
அதற்குள் ஒருத்தி,
மோதிரம் மூட்டில் இறுகி
சிரிக்கத் தொடங்கியவள்,
இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நான் இதையெல்லாம் சொல்லவில்லை.
சொல்ல நினைத்தபோது
துவாரகன் கார்டைத் திருப்பிப் பார்த்தான்,
மணந்தும் பார்த்தான்.
"எஸ்எஸ்டியை எடு."
ஏனடா என்றேன்.
"என்ர இருநூறு மணித்தியாலமும்
அந்த டிஸ்க்கிலதான் கிடக்கு, மச்சான்."

இல்ஹாம் பில் எழுதினான்.
தீப்பெட்டியளவுப் பெட்டி,
சட்டைப்பையில் பாரமே இல்லை.

விடியப்புறம் நகலெடுத்து முடிந்தது.
மோதிரம் ஏறியது. அவள் சிரித்து முடித்தாள்.
துவாரகன் கதிரையை இழுத்துப் போட்டு
செட்டிங்கில் நிழலை அணைத்தான்.

உச்சி வெயில் கொளுத்தும் அந்தத் தெருவில்
ஒருவனுக்கும் நிழலில்லை.
ஓடுகிறார்கள்,
கெதியாய்.