சிற்றினம்

தாளில் பழைய இரும்பு என்று போட்டிருந்தது.
ராயபுரம் யார்டில் பெட்டியின் சீலை உடைத்ததும்
முதலில் வெளியே வந்தது வாசனை.
இரும்புக்கு இப்படி மணக்கத் தெரியாது.

லூர்து ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு
"பொண்ணு வீடு மாதிரி இருக்கு மேடம்" என்றான்.
நூற்றுப் பதினான்கு துண்டுகள்.
எண்ணி முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.
மே மாதத் துறைமுகத்தில் நிழல் என்பது
இன்னொரு கண்டெய்னர்தான்.

புது பிளேடால் வெட்டுமுகத்தில் ஒரு சீவல்,
எச்சில் தொட்ட ஈரம், பத்து மடங்கு லென்ஸ்.
துளைகள் தெரிந்தன,
ஒரு காலத்தில் மழை ஏறிப்போன வழிகள்.
சீவலைச் சீசாத் தண்ணீரில் போட்டு
வெயிலுக்கு நேரே பிடித்தேன். நீலம் ஒளிரவில்லை.
வேங்கை வகையறா இல்லை அப்போது.
நம் ஈட்டிக்குத் தூரத்துச் சொந்தம்,
மடகாஸ்கர் மழைக்காட்டில் நின்றது,
கொழும்பில் கப்பல் மாறி வந்திருக்கிறது.

பேரினம்: எழுதிவிட்டேன்.
சிற்றினம்:
பேனா அங்கேயே நின்றது.
அந்தத் தீவில் இதற்கு எத்தனையோ பங்காளிகள்,
அறுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே முகம்.
இன்னார் என்று சொல்ல இலை வேண்டும், பூ வேண்டும்.
வெட்டியவன் அதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டான்.

பர்வீன் மேடம் குடையோடு வந்தார்.
"கோர்ட்டுக்கு ஒரு பெயர் வேணும்மா.
உலகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கு, அதுவும்."
பெயர் தெரியாததை எப்படி எண்ணுவது?
ஒரு மரத்துக்கு மூன்று துண்டு என்றால்
முப்பத்தெட்டு குறைந்திருக்கிறது.
என்னால் முடிந்த கணக்கு அவ்வளவுதான்.

மாலை ரயிலில் நகக்கண்ணெல்லாம் ஊதாத் தூள்.
கொருக்குப்பேட்டை வரும்வரை சுரண்டிக்கொண்டிருந்தேன்.
தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வாய்தா, மறுபடி வாய்தா.
ஆடியில் புழுதி, ஆவணியில் ஒரு பூனை
அடுக்கின் இடுக்கில் குட்டி போட்டது.
ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்து
நான் போட்ட சாக்பீஸ் எண்கள் எல்லாம் கரைந்துபோயின.
தார்ப்பாய் கேட்டு எழுதிய கடிதம்
எந்த மேசையில் இருக்கிறதோ.

"மழை இதுக்குப் பழக்கம்தானே மேடம்"
என்றான் லூர்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு.
பழக்கம்தான்.
இங்கே தரையெல்லாம் டீசல், மழை வடிய வழியில்லை.

ஒன்றிலிருந்து திரும்ப எண்ணினோம்,
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
நூற்றுப் பதின்மூன்று வந்தது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பெரிய கேட்டைப் பார்த்தேன்.
மறுபடி எண்ணினோம்.