பொறுத்துக்குங்க

திங்கள், புதன், வெள்ளி. இரண்டாம் ஷிப்ட்.
காரைக்குடி பெரியாஸ்பத்திரி, டயாலிசிஸ் வார்டு.
பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும்
பேனா மூடியைக் கடித்தேன்:
ச. மிக்கேல்ராசு, 67, தேவகோட்டை ரஸ்தா.

சீட்டுப் பிடித்த மிக்கேல்ராசு.
கோயில் கணக்கையும் அவர்தான் எழுதினார் அப்போது.
ஜாமீன் கையெழுத்து என் அப்பா இன்னாசியுடையது.
ஒரு தவக்காலத்தில் ராவோடு ராவாகத்
திருப்பூர் பஸ் ஏறிவிட்டார் மனிதர்.
கடன் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.
வட்டியில் எழும்பிய சீமை இது.
அசல் செத்தாலும் வட்டி சாகாது.

அறுபது வயதில் அப்பா
கானாடுகாத்தானில் பூட்டிய வீடொன்றுக்குக் காவல் போனார்.
முகப்பிலிருந்து பின்கட்டுவரை நூற்றுப் பதினாலு கதவு,
ராத்திரி ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்க்க வேண்டும்.
மார்கழியில் ஒரு விடியல்,
எண்பதாவதோ எண்பத்தொன்றாவதோ கதவருகே
டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு வருஷம்
ஞாயிறு பூசையில் அந்த ஒரு வரி வந்ததும்
சேலை மடிப்பைச் சரிசெய்வதாய்க் குனிந்துகொள்வேன்.
நாங்கள் பொறுப்பதுபோல.
அந்தப் ‘போல’தான்.
தராசு முள் மாதிரி நடுவில் நிற்கிறது.
அது இல்லாவிட்டால் செபம் எவ்வளவு சுலபம்.

“இன்னாசி மகதானே?” என்றார்.
“ஆமா. கையை ஆட்டாதீங்க.”
மன்னிப்புக் கேட்பாரென்று இரண்டு வாரம் காத்திருந்தேன்.
பதில்கூடத் தயார் செய்திருந்தேன்,
நல்ல பதில், கொஞ்சம் கூரானது.
அவர் கேட்டதெல்லாம்
டிவி சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று.
இன்னொரு நாள், ஒரு போர்வை.

கோணி தைக்கும் தடிமனில் ஊசி.
ஒவ்வொரு கைக்கும் பழக்கத்தில் வாய் சொல்லும்:
“கொஞ்சம் பொறுத்துக்குங்க.”
புதன்கிழமை அவரிடமும் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
இத்தனை வருஷமாய் அந்தச் சொல்
என் வாயில்தான் கிடந்திருக்கிறது,
சம்பளத்துக்கு.

நாலு மணி நேரம் அவர் ரத்தம்
வெளியே போய்த் திரும்பி வந்தது.
வந்தபோது எடை 61.4. போகையில் 58.9.
எழுதிவைத்தேன்.

ஊசியை எடுத்ததும் பஞ்சு வைத்து
பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
கூட வந்தவர்கள் பிடிப்பார்கள்.
அவரோடு யாரும் வருவதில்லை.
நான் பிடித்தேன்.
கட்டைவிரலுக்கடியில் விம்மி விம்மி ஓடியது
அப்பாவைத் தூங்கவிடாத மனிதனின் நாடி,
வெதுவெதுப்பாக.
விட்டுவிடலாமென்று ஒரு தரம் தோன்றியது.
ஒரே தரம் என்றால் பொய்.
விடவில்லை.

இதை அன்பு என்று சொல்ல மாட்டேன்.
ஆண்டவரே, உமக்குத் தெரியும்.

இந்த ஞாயிறு ‘போல’ வரைக்கும் சொன்னேன்.
எனக்காகக் கேட்கும் மிச்சப் பாதி
தொண்டையில் நின்றுவிட்டது.

நாளைக்கு வருவார்.
பழைய இடம் கன்றிப்போயிருக்கிறது.
வேறு இடம் பார்த்துக் குத்த வேண்டும்.